ஒன்பது தட்டின் நிழல்

கட்டிடக் கம்பனியின் முகவர் முதல்முதலாக எங்கள் ஒழுங்கைக்குள் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். நான் படலையடியில் நின்று மீன்காரரிடம் சூடை மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். வந்தவர் வெள்ளைச் சேட் போட்டிருந்தார். கையில் கறுப்பு ஃபைல் ஒன்று. என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார்.

"அம்மா, முன்வீட்டு அம்மா இருக்கிறாவோ? பெல் அடிச்சனான், சத்தமில்லை."

முன்வீட்டு அம்மா என் அக்கா. அவளுடைய அழைப்பு மணி மாதக்கணக்காக வேலை செய்யவில்லை. குசினிப் பக்கமாகப் போய்க் கூப்பிடுங்கள் என்று சொன்னேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். என் வீட்டை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எதற்கு வந்தவர் என்று தெரியாமலே நான் அதைக் கவனித்தேன். அக்காவைத் தேடி யார் வந்தாலும், திரும்பிப் போகும்போது அவர்களுடைய கண் என் வீட்டுப் பக்கம் வருகிறதா என்று பார்ப்பேன். கலியாணம் கட்டிய காலத்திலிருந்து எனக்கு அந்தப் பழக்கம் இருக்கிறது.

எங்கள் தெரு திருகோணமலையின் உட்துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கிறது. அம்மாவுக்கு இருந்தது ஒரு காணிதான். பெண்பிள்ளைகள் நாங்கள் இரண்டு பேர். எங்கள் ஆட்களிடையே வீடும் வளவும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகத்தான் போகும். அக்காவுக்கு முதலில் கலியாணம் நடந்தது. தெருவைப் பார்த்த கல்வீட்டையும் முன்பாதிக் காணியையும் அவளுக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஆறு வருடம் கழித்து என் முறை வந்தபோது மிஞ்சியிருந்தது பின்பாதி. அதற்குப் போவதற்குப் பக்கவாட்டில் பத்தடி ஒழுங்கை ஒன்று விட்டார்கள். நானும் என் கணவரும் எங்கள் உழைப்பில் அங்கே ஒரு வீடு கட்டினோம்.

அக்கா தன் விறாந்தையில் கதிரையைப் போட்டு இருந்தால் துறைமுகம் முழுவதும் தெரியும். கோதுமைக் கப்பல் வருவதும், மூதூர்ப் பக்கமாக வள்ளங்கள் போவதும், மாலையில் எதிர்க்கரை மலைகளுக்குப் பின்னால் வெயில் இறங்குவதும் தெரியும். என் விறாந்தையில் இருந்தால் அக்காவின் குசினிச் சுவரும், தண்ணீர்த் தாங்கியும், கொடியில் காயும் அவளுடைய உடுப்புகளும் தெரியும். இதை நான் யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை. கேட்டால், பின்பக்கம் தூசி இல்லை, வாகனச் சத்தம் இல்லை என்று சொல்லுவேன். சொல்லிச் சொல்லி அதை மற்றவர்கள் நம்பிவிட்டார்கள்.

அன்று பின்னேரம் அக்கா என்னைக் கூப்பிட்டாள். நல்ல கோப்பையில் தேத்தண்ணீர் தந்தாள். அப்போதே ஏதோ விசேஷம் என்று விளங்கியது. மேசையில் அந்தக் கறுப்பு ஃபைல் கிடந்தது. அவளுடைய காணியையும் பக்கத்து வளவையும் சேர்த்து ஒன்பது தட்டில் தொடர்மாடி ஒன்று கட்டப்போகிறார்களாம். பக்கத்து வளவு, நாங்கள் நானா என்று கூப்பிடும் ஹாட்வெயார்க் கடைக்காரருடையது. கிண்ணியாவிலிருந்து வந்து குடியேறிய மனிதர், அதிகம் பேசமாட்டார். காணிக்குப் பதிலாக இரண்டு பேருக்கும் இரண்டிரண்டு வீடுகள் கிடைக்கும். கட்டி முடியும்வரை வேறிடத்தில் வாடகைக்கு வீடு எடுத்துக் கொடுப்பார்கள்.

"அஞ்சாந் தட்டில, துறைமுகத்தைப் பாத்தபடி தருவினமாம்," என்றாள் அக்கா. "லிப்ட் இருக்காம். எனக்கு இனி இந்தப் படியள் ஏறி இறங்க ஏலாது."

அவளுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். அத்தான் இறந்து ஏழெட்டு வருடம். பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாட்டில். அந்தப் பெரிய வீட்டில் தனியே சுவரைப் பிடித்துப் பிடித்து நடக்கிறாள். இதெல்லாம் எனக்குத் தெரியும். நல்லது அக்கா என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணீரைக் குடித்தேன்.

நான் ஒரு அரச திணைக்களத்தில் முப்பது வருடத்துக்கு மேல் படவரைஞராக வேலை செய்தவள். வரைபடம் கண்ணில் பட்டால் வாசிக்காமல் விடமாட்டேன். ஃபைலில் இருந்த படத்தைத் திருப்பிப் பார்த்தேன். அக்காவின் காணியும் நானாவின் காணியும் சிவப்புக் கோட்டுக்குள் இருந்தன. கட்டிடம், வாகனத் தரிப்பிடம், நட வேண்டிய மரங்கள்கூட இருந்தன. சிவப்புக் கோட்டுக்கு வெளியே ஒரு சாம்பல் நிறப் பெட்டி. அதுதான் என் வீடு. அதில் ஒரு சொல்லும் எழுதியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மீனை வெட்டினேன். கணவரிடம் செய்தியைச் சொன்னேன். அவர் துறைமுக வேலைத்தளத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், எதையும் சுருக்கமாகப் பேசுபவர். கொக்காவுக்கு, அதாவது என் அக்காவுக்கு, நல்லதுதானே என்றார். ஓம் என்றேன். ஆனால் அன்றிலிருந்து அக்கா ஐந்தாந் தட்டில் நின்று என் கூரையைப் பார்ப்பது திரும்பத் திரும்ப என் கண்ணுக்குள் வந்தது. முன்பு அவள் என்னைவிட முன்னுக்கு இருந்தாள். இனி மேலேயும் இருக்கப் போகிறாள்.

இரண்டு நாள் கழித்து, கணவர் சந்தைக்குப் போன நேரத்தில், அந்த முகவருக்குத் தொலைபேசி எடுத்தேன். ஃபைலின் முன்பக்கத்தில் இருந்த இலக்கம் எனக்குப் பாடமாகியிருந்தது. நான்தான் பின்வீட்டுக்காரி என்று சொல்லி, எங்கள் காணியையும் சேர்த்து எடுக்கிற யோசனை இருக்கிறதா என்று கேட்டேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தேன்.

அவர் சொன்னார்: "அம்மா, குறை நினைக்காதேங்கோ. உங்கட காணிக்குத் தெருமுகம் இல்லை. எங்களுக்கு அது தேவைப்படாது."

பரவாயில்லை, சும்மா கேட்டனான் என்று சொல்லி வைத்துவிட்டேன். முப்பது வருடமாக நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்ததை ஒரு அந்நிய மனிதர் மரியாதையான தமிழில் எனக்கே சொல்லிவிட்டார்.

அதற்கு அடுத்த வாரம் நகரசபை அறிவிப்பு ஒட்டப்பட்டது. கட்டிடத்துக்கு ஆட்சேபனை உள்ளவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்று இருந்தது. எங்கள் தெருவில் கதை கிளம்பியது. சனசமூக நிலையத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டம் வைத்தார்கள். முன்னின்றவர் மூலைவீட்டு மாஸ்டர், விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். அத்தனை வீட்டுக்கும் குழாய்க்கிணறு அடித்துத் தண்ணீர் இழுத்தால் எங்கள் கிணறுகள் உவர்த்துப்போகும் என்றார் அவர். மாரி மழைக்கே வடிகான் நிரம்பித் தெருவுக்கு வருகிறது, இன்னும் அத்தனை குடும்பத்தின் கழிவுநீர் எங்கே போகும் என்று ஒருவர் கேட்டார். கோயில் கோபுரத்தைவிட உயரமாக ஒன்றும் எழும்பக் கூடாது என்றார் இன்னொருவர். அப்படியென்றால் தொலைபேசிக் கோபுரத்தை என்ன செய்வது என்று பின்னால் இருந்து யாரோ கேட்டார்கள். சாப்பாட்டுப் பார்சல் கட்டி விற்கும் பெண் ஒருவர் எழும்பி, ஆட்கள் வந்தால் தனக்கு யாவாரம் நடக்கும், தனக்கு இதில் ஆட்சேபனை இல்லை என்று நேராகச் சொன்னார். நானா எழும்பி, தன் இரண்டு மகன்மாரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவதாக மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிட்டார். அக்கா கடைசி வரிசையில், கைத்தடியை மடியில் வைத்தபடி இருந்தாள்.

கூட்டம் இரண்டு பக்கமாகப் பிரிந்துதான் இருந்தது. சொல்லப்போனால் வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல், கட்டினால் கட்டட்டும் என்ற எண்ணத்தில் இருந்தார்கள். அப்போதுதான் நான் கொண்டுபோயிருந்த படத்தை விரித்தேன்.

அதை வரைய எனக்கு நான்கு நாள் எடுத்தது. பழைய மூலைமட்டத்தையும் மைப்பேனையையும் தேடி எடுத்து, ரேசிங் தாளில் எங்கள் தெரு முழுவதையும் கீறினேன். ஒவ்வொரு வீடு, ஒவ்வொரு கிணறு, சனசமூக நிலையம், இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கும் பாலர் பாடசாலை. பிறகு அந்த ஒன்பது தட்டுக் கட்டிடத்தின் நிழல் எங்கே விழும் என்று கணக்குப் பார்த்துக் கறுப்பு மையால் அடித்தேன். நிழல் அக்காவின் வளவில் தொடங்கி, என் வீட்டை மூடி, பின் ஒழுங்கையைத் தாண்டி, பாலர் பாடசாலை முற்றத்தில் போய் முடிந்தது. கணக்கில் ஒரு அங்குலம்கூடப் பிழை இல்லை. ஆனால் அது மாலை ஐந்தரை மணி நிழல். துறைமுகத்துக்கு மேலே சூரியன் தாழ்ந்து, ஒரு தென்னங்கன்றின் நிழல்கூடத் தெருவைக் கடக்கும் நேரம். அந்த நேரத்தை நான் தெரிந்துதான் எடுத்தேன். படத்தின் மூலையில் அளவு எழுதினேன், திசை காட்டும் அம்புக்குறி போட்டேன். நேரத்தை மட்டும் எழுதவில்லை.

கரம்போட் விளையாடும் மேசையில் படத்தை விரித்ததும் சனம் சுற்றி வந்தது. அந்தக் கறுப்பு நிழல் பாலர் பாடசாலையைத் தொடுவதைப் பார்த்து ஒரு தாய், ஐயோ பிள்ளையள் விளையாடுற இடம் என்று மெல்லச் சொன்னாள். மாஸ்டர் படத்தைக் குனிந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, இப்படிப் படித்த ஆட்கள் எங்கள் தெருவில் இருப்பது எங்கள் பாக்கியம் என்றார். கைதட்டினார்கள். ஆட்சேபனைக் கடிதத்தில் அன்றே தெருவில் பாதிக்கு மேல் கையெழுத்து வைத்தார்கள். என் படமும் அதோடு போனது.

வீட்டுக்கு வந்த பிறகு கணவர் கேட்டார். "நீர் ஏன் அந்த நிழலை அப்பிடிக் கறுப்பா அடிச்சனீர்?"

நிழல் என்றால் கறுப்புத்தானே என்றேன்.

இரண்டு நாள் கழித்து அக்கா மதிலுக்கு அந்தப் பக்கம் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் என் கிணற்றடியில் நின்றேன். அந்த இடத்தில் மதில் தாழ்வு.

"நீ கீறின படம் நல்லாத்தான் இருந்தது," என்றாள். "அது எத்தனை மணி நிழல்?"

"பின்னேர நிழல் அக்கா."

"பின்னேரம் எண்டால்?"

நான் வாளியைக் கழுவினேன்.

"பாலர் பாடசாலை பன்னிரண்டு மணிக்குப் பூட்டுறது. பத்து வருசமா ரீச்சர்மார் பூட்டிப்போட்டுத் திறப்பை என்னட்டத்தான் தந்தவை. நிழல் விழேக்க அங்க ஆர் இருக்கினம்?"

"படத்தில பிழை ஒண்டுமில்லை."

"பிழை இருக்கெண்டு நான் சொல்லேல்லையே," என்றாள் அக்கா. ஈரச் சீலையைக் கொடியில் போட்டு, மெதுவாக நடந்து உள்ளே போனாள். அதற்குப் பிறகு இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.

அந்த இரண்டு மாதமும் முகவர் வரவில்லை. அனுமதி நிறுத்தி வைக்கப்பட்டிருப்பதாகக் கேள்விப்பட்டோம். கட்டிடத்தின் வர்ணப் படம் ஒன்றை அக்கா தன் விறாந்தைச் சுவரில் ஒட்டியிருந்தாள். ஒருநாள் அவ்வழியால் போகும்போது பார்த்தேன், அதைக் கழற்றியிருந்தாள். எனக்குச் சந்தோசமாக இருந்தது. இதை மறைத்து எழுதுவதில் அர்த்தமில்லை. சந்தைக்குப் போனால் சனம் என்னை மறித்துக் கதைத்தது. படம் கீறின ரீச்சர் என்று, நான் ரீச்சர் இல்லை என்று தெரியாமலே, ஒருவர் கூப்பிட்டார். முதல் தடவையாக எங்கள் தெருவில் நான் முன்வீட்டு அம்மாவின் தங்கச்சியாக இல்லாமல் வேறொருத்தியாக இருந்தேன். அக்காவின் குசினியில் வெளிச்சம் எரியும்போது, அவள் தனியே இருந்து சாப்பிடுகிறாள் என்று தெரியும். முன்பென்றால் ஒரு கறியாவது கொண்டுபோய்க் கொடுப்பேன். அந்த இரண்டு மாதத்தில் ஒருநாளும் கொடுக்கவில்லை.

பிறகு ஒரு பின்னேரம் மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். கணவர் கதிரை போட்டுக் கொடுத்தார். காலநிலை, தண்ணீர் வெட்டு எல்லாம் பேசி முடித்த பிறகு வந்த காரியத்தைச் சொன்னார். அவருடைய தம்பி, பக்கத்து வளவில், இருக்கிற வீட்டுக்கு மேலே ஒரு தட்டுக் கட்டப்போகிறாராம். மகளுக்குக் கலியாணம் முற்றாகியிருக்கிறதாம். மாஸ்டருக்கு அதில் விருப்பமில்லை. தன் வெளிச்சமும் காற்றும் போய்விடும் என்றார்.

"உங்கட கொக்காவின்ர கட்டிடத்துக்குக் கீறின மாதிரி எனக்கும் ஒண்டு கீறித் தாங்கோ," என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, சாதாரணமாகச் சொன்னார்: "நேரம் ஒண்டும் போட வேண்டாம்."

அவர் விஞ்ஞானம் படிப்பித்தவர். அன்று கூட்டத்தில் குனிந்து பார்த்தபோதே அவருக்கு எல்லாம் விளங்கியிருக்கிறது. விளங்கித்தான் பாராட்டினார். இப்போது ஒரே தொழில் செய்கிற இரண்டு பேர் பேசுவதுபோல என்னோடு பேசினார். அவருடைய முகத்தைப் பார்க்க எனக்கு ஏலாமல் இருந்தது. கண் சரியில்லை, இப்போது கீறுவதில்லை என்று ஏதோ சொல்லி அனுப்பினேன். அவர் போன பிறகு கணவர் அந்தக் கதிரையை எடுத்து உள்ளே வைத்தார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். கோபம் வந்திருந்தால் நான் செய்தது சரி என்று வாதாடியிருப்பேன்.

அடுத்த நாள் காலை புதுத் தாளை எடுத்தேன். அதே தெரு, அதே வீடுகள். காலை ஒன்பது மணி, நண்பகல், மூன்று மணி, ஐந்தரை மணி என்று நான்கு படம் கீறி, ஒவ்வொன்றிலும் நேரத்தைப் பெரிதாக எழுதினேன். காலை நிழல் தெருவைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் போய் விழுந்தது. நண்பகலில் நிழல் என்று சொல்ல ஒன்றுமில்லை. மூன்று மணி நிழல் என் வீட்டையும் முற்றத்தையும் மட்டும் மூடியது. கச்சான் காற்று அனல் அடிக்கும் மாதங்களில், அந்த நேரத்து வெயிலை மறைக்க நான் விறாந்தையில் கணவரின் பழைய சாரங்களைக் கட்டித் தொங்கவிடுகிறவள். அந்தக் கட்டிடத்தால் தெருவில் யாருக்காவது லாபம் இருந்தால், அது எனக்குத்தான் என்று என் படமே சொன்னது. அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வரவில்லை.

ஆட்சேபனைகளை விசாரிக்க வைத்த இரண்டாவது கூட்டத்துக்கு நகரசபையிலிருந்து உத்தியோகத்தர்கள் வந்திருந்தார்கள். முகவரும் வந்திருந்தார். மாஸ்டர் என் பழைய படத்தைச் சுவரில் ஒட்டி, அதைக் காட்டிப் பேசத் தொடங்கினார். நான் எழும்பினேன். அந்தப் படம் மாலை ஐந்தரை மணிக்கு உரியது, நேரத்தை எழுதாமல் விட்டது மறதி இல்லை, வேண்டுமென்றே விட்டனான் என்று சொன்னேன். நான்கு படங்களையும் மேசையில் வைத்தேன். கிணறுகளைப் பற்றியும் கழிவுநீரைப் பற்றியும் சொன்னவை உண்மையான பிரச்சினைகள், அவற்றைக் கேளுங்கள், நிழலைப் பற்றி மட்டும் பயப்பட ஒன்றுமில்லை என்றேன்.

சனம் முணுமுணுத்தது. முதல் கூட்டத்தில் பிள்ளைகளை நினைத்துப் பயந்த தாய் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. மாஸ்டர் சுவரில் இருந்த படத்தைக் கழற்றிச் சுருட்டினார். யாரோ ஒருவர் எனக்குக் கேட்கும்படியே சொன்னார்: "கம்பனிக்காரர் இவவையும் வாங்கிப்போட்டினம்."

அந்த நேரத்திலும் எனக்குள் எது நொந்தது என்று சொன்னால் வெட்கம். கம்பனிக்காரர் என்னை வாங்க வரவேயில்லை. நானே கொண்டுபோய்க் கொடுத்தும் வேண்டாம் என்றவர்கள் அவர்கள்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது நானா செருப்பைத் தேடிக்கொண்டு நின்றார். "தங்கச்சி, நான் ஒண்டும் மனசில வைக்கல்ல," என்றார். "ஆனா ரெண்டு மாசம் என்ட வீட்டுல ஆரும் சிரிச்சுப் பேசல்ல. அதையும் சொல்லத்தானே வேணும்." தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

அன்று பின்னேரமே அக்காவின் முன்வாசலால் போனேன். அவள் விறாந்தையில் இருந்தாள். எதிரில் இருந்த கதிரையைக் கண்ணால் காட்டினாள். இருந்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வந்தேன், ஆனால் வாயில் வேறு வந்தது.

"அக்கா, என்ர காணியையும் எடுப்பினமோ எண்டு அவருக்கு நான் ஃபோன் பண்ணிக் கேட்டனான். அவர் வேண்டாம் எண்டவர். அதுக்குப் பிறகுதான் அந்தப் படத்தைக் கீறினனான்."

"ஓம், தெரியும்," என்றாள் அக்கா. "அவர் அடுத்த நாளே எனக்குச் சொன்னவர்."

"தெரிஞ்சும் ஏன் கேக்கேல்லை?"

அவள் துறைமுகத்தைப் பார்த்தாள். ஒரு இழுவைப் படகு எதையோ இழுத்துக்கொண்டு போனது.

"எனக்குக் கொஞ்சம் சந்தோசமாத்தான் இருந்தது," என்றாள். "நீ வேலைக்குப் போனனீ. சம்பளம் எடுத்தனீ. சைக்கிளில போய் வருவாய். நான் இந்த விறாந்தையில இருந்து நீ போறதைத்தான் பாத்தனான். உனக்கு மனுசனும் இருக்கிறார், கேட்டால் பதில் சொல்ல. என்னட்ட இருக்கிற ஒண்டை நீ கேட்டனீ எண்டு அறிய, சந்தோசமா இருந்தது."

அவள் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருப்பாள் என்று ஒருநாளும் நான் நினைத்ததில்லை. அதைக் கேட்டதும் பாரம் இறங்கியது என்று எழுத ஆசைதான். உண்மையில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்துகொண்டு, வெயிலில் சைக்கிள் மிதித்தவளைப் பார்த்து இவளுக்கு என்ன பொறாமை என்று தோன்றியது. பிறகு தேத்தண்ணீர் போடட்டுமா என்று கேட்டேன். போடு என்றாள். அவளுடைய குசினிக்குள் இரண்டு மாதத்துக்குப் பிறகு போனேன். சீனிப் போத்தலின் இடம்கூட மாறியிருந்தது.

அனுமதி கடைசியில் கிடைத்தது, ஆனால் ஒன்பது தட்டுக்கு இல்லை. தெருவின் அகலத்தையும் கழிவுநீரையும் பார்த்து ஆறு தட்டுக்குத்தான் விட்டார்கள். குழாய்க்கிணறு அடிக்கக் கூடாது என்றும் எழுதியிருந்தார்கள். கம்பனி கணக்கை மாற்றியது. அக்காவுக்கும் நானாவுக்கும் இரண்டிரண்டு வீட்டுக்குப் பதிலாக ஒவ்வொன்று, அதோடு கீழ்த்தட்டில் ஒரு சிறிய கடையறை என்று முடிவானது. நிழலைப் பற்றி நான் பொய்ப்படம் கீறாமல் இருந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்று கணவர் சொல்கிறார். என் மனம் ஆறட்டும் என்றுதான் சொல்கிறார். எனக்கு அது அவ்வளவு நிச்சயமாகத் தெரியாது.

அக்கா உப்புவெளியில் வாடகை வீட்டுக்குப் போனாள். சாமான் ஏற்றிய அன்று அம்மாவின் பழைய அலுமாரியை வைக்க அங்கே இடமில்லை என்று என்னிடம் தந்தாள். ஆட்கள் அதை ஒழுங்கையால் தூக்கிக்கொண்டு வந்தபோது, இது எனக்கு வர வேண்டியதுதான் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு எவ்வளவு கெதியாக வந்தது என்று பார்த்து எனக்கே பயமாக இருந்தது.

இப்போது கட்டிடம் மூன்றாந் தட்டுவரை எழும்பிவிட்டது. காலையில் ஏழு மணிக்குச் சத்தம் தொடங்கினால் பின்னேரம்வரை ஓயாது. ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை இல்லை. அந்த நாட்களில் அக்கா பஸ்ஸில் வந்து மத்தியானம் எங்களோடு சாப்பிட்டுவிட்டுப் போவாள். போன ஞாயிறு ஒரு ஃபைலோடு வந்தாள். நாலாந் தட்டில் இரண்டு வீடுகள் காட்டியிருக்கிறார்கள், ஒன்றைத் தெரிவு செய்து அறிவிக்க வேண்டும். ஒன்று மேற்கே, துறைமுகத்தைப் பார்த்தது. மற்றது கிழக்கே, என் கூரையைப் பார்த்தது, ஆனால் அதில் ஒரு அறை அதிகம்.

"நீதான் இதுகளை வாசிக்கத் தெரிஞ்சனீ," என்று படத்தை எனக்கு முன்னால் வைத்தாள். "எதை எடுக்கட்டும்?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். மேற்குப் பக்க வீட்டில் படுக்கையறை முழுவதும் பின்னேர வெயில் விழும், நிழல் தர முன்னால் ஒன்றுமில்லை. கிழக்குப் பக்கம் குளிர்ச்சி, குசினியும் பெரிது, லிப்டுக்குக் கிட்ட. முழங்கால் நொந்த ஒருவருக்கு அதுதான் நல்லது. இதைச் சொல்ல வாய் திறந்தவள் நிறுத்திவிட்டேன். அக்காவின் நன்மைக்காகச் சொல்கிறேனா, அவளுக்குத் துறைமுகம் கிடைக்கக் கூடாது என்று சொல்கிறேனா என்று எனக்கே பிரித்துப் பார்க்க ஏலவில்லை. ஆகவே இரண்டையும் சொன்னேன். கிழக்குத்தான் நல்லது என்று படம் சொல்கிறது, ஆனால் இதைச் சொல்லும்போது என் மனம் சுத்தமில்லை, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா என்றேன்.

குசினியில் சோறு வடித்துக்கொண்டிருந்த கணவர் திரும்பிப் பார்த்தார். அக்கா படத்தைத் தன் பக்கம் இழுத்து, மேற்கு வீட்டில் விரலை வைத்தாள்.

"வெக்கையாத்தான் இருக்கும்," என்றாள். "இருக்கட்டும். ஒரு ஃபான் பூட்டினால் சரி. நீ பின்னேரத்தில வா, ரெண்டு பேரும் இருந்து பாப்பம்."

வருகிறேன் என்றேன். அவள் காட்டிய இடத்தில் பேனையால் சிறிய அடையாளம் போட்டு, அறைகளின் நீள அகலத்தைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது எனக்கு வயிறு எரிந்தது. எழுதி முடித்துச் சோறு போட எழும்பினேன்.